ஆரோக்கியமேரி அக்காவின் பத்து விரல்

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது காலனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "ஆரோக்கியமேரி இறைவனில் இளைப்பாறினார். அவர் ஆன்மாவுக்காகச் செபியுங்கள்." அடுத்த ஐந்தாவது நிமிடம் எங்கள் சபைக்காரர் ஒருவர் கீழே எழுதினார்: "மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை." ஆர்.சி. கத்தோலிக்கர்கள் விடுவார்களா? நான் வீடு வந்து சேரும்வரை அவர்கள் 'செ'வும் எங்கள் 'ஜெ'வும் மல்லுக்கட்டின. பக்கத்து வீட்டில் அக்காவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "கடைசி வரைக்கும் அம்மா கையப் புடிச்சிக்கினு இருந்தது நீங்கதான் ஆன்ட்டி. நாலு வரி எழுதிக் குடுங்க" என்றாள் அக்காவின் மகள் பிரியா. எழுதுகிறேன் பிரியா. போடுவதா வேண்டாமா என்று படித்துவிட்டு முடிவு செய்.

கெலமங்கலம் ரோட்டுக் காலனியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் வாசலில் மாதா படம், என் வாசலில் வசன ஸ்டிக்கர். ஒரு வருடம் மாதா திருவிழாவுக்கு அவர் கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலை, சிலைக்கு முன் வைத்ததை என் பிள்ளைகள் தின்னக் கூடாதென்று, நாய்க்குப் போட்டேன். மாடியிலிருந்து பார்த்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ சிரித்தார். "பரவால்ல எஸ்தரு. உன்னவிட உன் நாய்க்கு விசுவாசம் ஜாஸ்தி." அடுத்த வருடமும் பொங்கல் வந்தது, நாய்க்கும் சேர்த்து.

கம்பெனியிலும் ஒரே லைன்தான். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. "மாலை பேடம்மா, வேண்டாம்" என்று கன்னடக்கார செக்யூரிட்டி தினமும் கேட்டில் தட்டை நீட்டுவார். அக்கா தன் ஸ்டீல் செபமாலையை முத்தமிட்டு அதில் வைப்பார். டீ இடைவேளையில் அவர் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நகரும். விரலுக்கு ஒரு செபம், கட்டைவிரல்களும் சேர்த்து இரண்டு கையிலும் பத்து முடிந்தால் ஒரு சுற்று. "மாலைய வாங்கி வெச்சிக்கலாம். ஆண்டவரு பத்து வெரலு குடுத்துக்கிறாரே, அத எந்த செக்யூரிட்டி வாங்குவான்?" என்பார்.

பிறகு புற்றுநோய் வந்து அவரைப் படுக்கையில் போட்டது. பிரியா பெங்களூரு வேலைக்குப் போயாக வேண்டும். பகலில் நான் பார்த்துக்கொண்டேன். "அந்த மாலை கையில இருக்குற வரைக்கும் சுகம் இறங்காது சிஸ்டர்" என்றார் எங்கள் பாஸ்டர். நம்பினேன். அக்கா பிழைக்க வேண்டுமென்று எனக்கு அவ்வளவு ஆசை. பிழைத்தால் அது எங்கள் ஜெபத்தால்தான் என்று காலனிக்கே காட்ட வேண்டுமென்ற ஆசையும் இருந்தது, ஏன் மறைக்க? உடம்பு துடைத்துவிடும்போது மாலையைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மால எங்கடி?"

"துவைக்கப் போட்ட பெட்ஷீட்டோட போயிருச்சு போலக்கா."

இரண்டு நாள் தலையணைக்கு அடியில் தடவித் தடவிப் பார்த்தார். மூன்றாம் நாள் விரல்கள் நகர ஆரம்பித்தன.

அன்று எங்கள் ஜெபக் கூட்டம் அவர் கட்டிலைச் சுற்றி நடந்தது. விரல்களைப் பார்த்துவிட்டு பாஸ்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். உள்ளே கட்டைவிரல் துடித்தது. இன்னும் அழுத்தினேன். அக்கா கண்ணைத் திறந்தார். நான் பாசத்தில் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷி.

"உடாத எஸ்தரு. பயமா இருக்குது."

விடவில்லை. விரல்கள் அடங்கும்வரை பிடித்திருந்தேன். சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போனேன். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

பெட்டியில் வைத்ததும் விரல்களில் சுற்ற மாலையைத் தேடினார்கள். பீரோவைக் குடைந்தார்கள், தலையணை உறையை உதறினார்கள். என் பை என் தோளில்தான் தொங்கியது. எடுத்தால் ஊர் முன்னால் திருடியாவேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடைசியில் யாரோ கடையிலிருந்து பிளாஸ்டிக் மாலை வாங்கி வந்தார்கள். நீதான் சுற்றிவிட்டாய் பிரியா.

அக்காவுடையவை இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று, மணிகள் தேய்ந்த அந்த ஸ்டீல் மாலை. வந்து வாங்கிக்கொள். இன்னொன்று என் உள்ளங்கையில் இன்னும் துடிக்கும் அந்தக் கட்டைவிரல். அதை உன்னிடம் எப்படிக் கொடுப்பேன்?

உன் அம்மா கையைப் பிடித்திருந்தேன் என்று மலரில் போட்டுக்கொள். பாசத்தில் என்று மட்டும் போட்டுவிடாதே.