பீட்ரூட் நிறத்தில் ஒரு சரக்கு

தெமோதரை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லொறியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். பெட்டிகளைச் சரிபார்த்து சரக்கு வேகனில் ஏற்றவைக்க வேண்டும். வேகனின் எண்ணை எழுதிக்கொண்டு, ஸ்டேஷன் ரசீதை வாங்கி வந்து தோட்டத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்து வேலை செய்த முதல் ஆள் நான். அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். கையெழுத்து வைக்கும் இடத்தில் இருவரும் பெருவிரலைத்தான் வைத்தார்கள்.

ஆனால் என் வேலை நிரந்தரமில்லை. தற்காலிகச் சின்னக் கிளாக்கர் என்று பெயர். கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. எங்கள் வெள்ளைக்காரத் துரை சில மாதங்களில் சீமைக்குப் போய்விடுவார் என்பது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். போவதற்கு முன் அவர் எனக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நான் ஆபீசில் நிரந்தரமாவேன். கொடுக்காவிட்டால் புதிதாக வருகிறவர் என்னை மலைக்கு அனுப்பிவிடுவார். அப்பாவின் பக்கத்தில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்க வேண்டியதுதான். அந்த வருஷம் முழுக்க என் தலைக்குள் அந்தக் கடிதம்தான் இருந்தது.

ஒருமுறை மழையில் வேகன் கூரை ஒழுகி, பெட்டிகள் நனைந்து திரும்பி வந்தன. அதிலிருந்து நான் எண்ணோடு சேர்த்து இன்னும் சிலவற்றையும் எழுதத் தொடங்கினேன். கூரை எப்படி, கதவு எந்தப் பக்கம், பலகை எத்தனை, பழையதா புதியதா. யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒருநாள் துரை அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார் எழுதுறது? 'எடது கதவு இறுகல், பலகை ஏழு' இதெல்லாம்?"

"நான்தாங்க தொரை."

"ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வா. முன்னால வா, பின்னால வேணாம்."

அவர் இருபது வருஷமாகத் தோட்டத்துத் தமிழ் பேசியவர். கூலிகளை அதட்டுவதற்காகக் கற்ற தமிழ் அது. அதில் 'வாங்க', 'போங்க' கிடையாது.

பங்களாவின் பக்கத்து அறையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவற்றின் மேல் ஓர் ஊர் இருந்தது. விரல் அகலத் தண்டவாளங்கள், தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம், புகைபோக்கி, தட்டையான வயல்கள். மலையே இல்லாத ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது சீனி ஃபேக்டரி. எங்க ஊர்ப் பக்கம். நான் இங்க வர்றதுக்கு முந்தின வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படி வேணும். அம்பத்தி மூணு. போறதுக்குள்ள முடிச்சு ஃபோட்டோ புடிக்கணும். மேசை கப்பல்ல வராது."

பிறகு ஒரு தேயிலைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய சின்னச் சின்ன சரக்கு வேகன்கள். அறுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய தங்கை பல வருஷமாக, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அனுப்பியவை. எந்த வேகன் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் வாங்கியிருந்தார்.

"அந்த வருஷம் அந்த ஃபேக்டரிக்கு எது வரும், எது வராதுன்னு பிரிக்கணும். பொஸ்தகம் இருக்கு. உனக்கு கண் இருக்கு. எனக்கு நேரம் இல்ல."

புத்தகம் என்றது ரயில் பொழுதுபோக்கு இதழ்களின் ஒரு கட்டு. நான் ஞாயிறுதோறும் போய்த் தரையில் உட்கார்ந்து ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் போதவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டேன். நிலக்கரி உயர்ந்த பக்கங்கள் கொண்ட திறந்த வேகனில் வரும். சுண்ணாம்புக் கல்லும் திறந்ததில்தான். மூட்டை கட்டிய சீனி, கூரை போட்ட வேகனில் வெளியே போகும். பாகு, உருளை வேகனில். இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. எங்கள் தேயிலைப் பெட்டியும் கூரை இல்லாத வேகனில் போகாதே.

ஒன்றுதான் இடித்தது. கரும்பைக் காணவில்லை.

"கரும்பு எதுல வருங்க தொரை?"

"கரும்பு இல்ல. பீட். மண்ணுக்குள்ள வெளையும். தெறந்த வேகன்ல குமிச்சு வரும். அந்த லோடு நீயே செஞ்சு எடுத்துட்டு வா."

பீட் என்றால் பீட்ரூட். அதைத் தெரியாதவன் ஊவாவில் உண்டா? வெலிமடைப் பக்கமிருந்து சந்தைக்கு லொறி லொறியாக வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். வேகவைத்தால் இனிக்கத்தானே செய்கிறது, அதிலிருந்து சீனி எடுப்பார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். இதழ்களில் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. குவியல் சாம்பலாகத் தெரிந்தது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம். படித்தவன் என்று பெயர் எடுத்தவன் கேள்வி கேட்டால் படிப்புக்கு இழுக்கு என்று நம்பிய வயது.

அம்மாவின் டப்பாவிலிருந்து கொத்தமல்லி எடுத்து, பீட்ரூட் அவித்த தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு விதையும் ரத்தச் சிவப்பாக, குட்டிப் பீட்ரூட்டாகவே ஆனது.

"ஏன்டா, ரேஷன் கூப்பனுக்கே சீனி இல்லாம வெறுந்தேத்தண்ணி குடிக்கிறோம். தொர வெளையாட ஒரு சீனி ஃபேக்டரி, அதுக்கு என் கொத்தமல்லியா?" என்றார் அம்மா.

"லெட்டர் கெடைக்கும்மா."

"கெடைச்சா சரி. டப்பாவுல ஒரு புடியாவது மிச்சம் வை."

அடுத்த ஞாயிறு அந்த விதைகளைப் பால்மா டின்னில் போட்டு எடுத்துப் போனேன். எட்டுத் திறந்த வேகன்களிலும் நானே நிரப்பி, வரிசையாக ஃபேக்டரி வாசலில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றேன். துரை வந்தார். பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரைசானியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"வெள்ளை! வெள்ளை பீட்! முள்ளங்கி மாதிரி, சேறு பூசின முள்ளங்கி! நீ எங்க ஊர்ல ரத்தச் சீனி செய்றியா?"

நானும் சிரிக்க முயன்றேன். முகம் ஒத்துழைக்கவில்லை. கொத்தமல்லியை ஒவ்வொரு வேகனாகக் கவிழ்த்து டின்னில் திரும்பக் கொட்டினேன். எட்டாவது வேகன் வரைக்கும் அவர்கள் சிரிப்பு ஓயவில்லை.

கதை துரைமார் கிளப்புக்குப் போய், கிளப்பிலிருந்து ஆபீசுக்கு வந்தது. பெரிய கிளாக்கர் தன் தங்கை மகனுக்கு என் நாற்காலியைப் பார்த்துவைத்திருந்தவர். திங்கட்கிழமை காலையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்க பீட்ரூட்" என்றார். "லெட்டர் எப்ப தம்பி? செவப்பு மையிலயா?"

அம்மா அந்த விதையை வீணாக்கவில்லை. அரைத்து ரசம் வைத்தார். சட்டியில் சிவப்பாகக் கொதித்தது. அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ருசி ஒன்னும் கெடல," என்றார்.

அதற்குப் பிறகு நான் ஊகித்து எதையும் செய்யவில்லை. இதழ்களை முதல் பக்கத்திலிருந்து, விளம்பரம் உட்பட, படித்தேன். அப்படிப் படித்தபோதுதான் வேறொரு சங்கடம் வந்தது.

அறுபது வேகன்களில் துரை தன் கையால் எடுத்து, ஃபேக்டரி வாசலில் நிலக்கரிக்காக நிறுத்தியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சிவப்புப் பக்கங்களில் வெள்ளையாகப் பெரிய எழுத்து. அது அவருடைய குடும்பப் பெயர்; சம்பளப் பேரேடான செக்ரோலில் அவர் கையெழுத்துப் போடும் அதே பெயர். அவருடைய அப்பா நிலக்கரி வியாபாரி, சொந்த வேகன்கள் வைத்திருந்தவர். துரை அந்த வேகனை மட்டும் ஊரில் ஒருவரிடம் சொல்லிப் பெயர் எழுதி வாங்கியிருந்தார். ஆனால் இதழ் தெளிவாகச் சொன்னது: நாற்பத்தெட்டில் சீமையில் ரயிலை அரசாங்கம் எடுத்தபோது வியாபாரிகளின் நிலக்கரி வேகன்களையும் எடுத்துக்கொண்டது. ஐம்பத்து மூன்றில் பளபளவென்று பெயரோடு ஒரு வேகன் நிற்க முடியாது.

வீட்டில் சொன்னேன்.

"சொல்லிராத," என்றார் அம்மா. "ஒன் பிழைக்கு அவரு சிரிச்சாரு. அவரு பிழைக்கு நீ சிரிக்க முடியுமா?"

"சிரிக்கலம்மா. பிரிக்கச் சொன்னாரு, பிரிக்கிறேன்."

அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டா?" என்று கேட்டார். "அந்த வருசம் பிரஜாவுரிமை இல்லேன்னு நம்ம பேரையும்தான் எடுத்தாங்க. அதுக்கு முந்தின வருசம் நா ஓட்டுப் போட்டேன். ஒரே ஒரு தடவ." மறுபடி கல்லில் கத்தியை இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டுகளில் வேகன்களைப் பிரித்து வைத்தேன். வலது தட்டு வரலாம், இடது தட்டு வரக்கூடாது. சிவப்பு வேகனை இடது தட்டில் வைத்தேன். துரையின் கண் நேரே அங்கேதான் போனது.

"இது ஏன் இந்தப் பக்கம்?"

"நாப்பத்தெட்டுக்கு அப்புறம் பேரு இருக்காதுங்க தொரை. கவர்மென்ட் எடுத்துருச்சு."

"அது என் அப்பா பேரு."

"தெரியுங்க தொரை."

அவர் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு வந்து, "தொரை ஒங்கள போகச் சொன்னாரு தம்பி," என்றார்.

அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. ஆபீசில் என்னைக் கடந்து போனபோது ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டார். பெரிய கிளாக்கர் அன்றைக்குக் கிண்டல்கூடச் செய்யவில்லை. என் மேசையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

இரவல் வாங்கி வந்த இதழ்களில் நான்கைந்து, எங்கள் லயத்து வீட்டில் இன்னும் இருந்தன. திருப்பிக் கொடுப்பதற்கு முன் மிச்சத்தையும் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசி இதழில், ஒரு நிலக்கரிக் களத்தின் படம். கீழே எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். அரசாங்கம் எடுத்த வேகன்கள் லட்சக்கணக்கில் இருந்தனவாம். எல்லாவற்றுக்கும் புது வர்ணம் பூச யாருக்கும் நேரமில்லை. மூலையில் ஒரு சதுரம் கறுப்பு அடித்து, அதில் புது எண்ணை எழுதி விட்டுவிட்டார்கள். பழைய முதலாளிகளின் பெயர்கள் வெயிலிலும் மழையிலும் மங்கி மங்கி, ஐம்பதுகளிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. படத்தில் தெரிந்தது. பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

அரையும் குறையுமாகப் படித்துவிட்டு அவருடைய அப்பாவை இடது தட்டில் வைத்துவிட்டேன். இப்போது போய் 'பேர் இருக்கலாம்' என்று சொன்னால் என்ன தோன்றும்? கடிதத்துக்காகக் குழைகிறான் என்றுதான். சொல்லாமல் விட்டால் நான் சொன்னது நிற்கும். அவர் பெயரில்லாத ஊரைப் படம் பிடித்துக்கொண்டு போவார்.

கூப்பிடாமலே போனேன். முன்வாசலில் போய் நின்றேன்.

"என்னா?"

"நான் சொன்னது பாதி தப்புங்க தொரை."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "லெட்டருக்கா வந்தே?"

"லெட்டரும் வேணுந்தாங்க. ஆனா இது அதுக்கில்ல. இத பாருங்க."

இதழை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். மங்கிய எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். வேகன் இன்னும் அங்கேயே இருந்தது.

அன்று நாங்கள் இருவரும் மேசையோரத்தில் குனிந்து நின்றோம். எங்கள் தேயிலை ஃபேக்டரி அடுப்பிலிருந்து நான் புகைக்கரி கொண்டுவந்தேன். பஞ்சில் தொட்டு, எழுத்தின் மேல் லேசாகத் தேய்த்தேன். வெள்ளை சாம்பலாயிற்று, சிவப்பு துருவாயிற்று. பெயர் மறையவில்லை.

"இன்னும் கொஞ்சம்," என்றார். "போதும், போதும்! நிறுத்து."

மூலையில் கறுப்புச் சதுரம் அடித்து, எண்ணை எழுத அவர் தூரிகையை எடுத்தார். வெள்ளையில் தொட்டார், பிறகு என்னிடம் நீட்டினார். "நீ எழுது. எங்க அப்பாவுக்கு அந்த நம்பரைக் கண்டாலே ஆகாது. சாகிற வரைக்கும் பேரைச் சொல்லித்தான் வேகனைக் கேப்பார்." ஸ்டேஷனில் எழுதிப் பழகிய கை. ஒரே இழுப்பில் எழுதிவிட்டேன்.

பீட் லோடுக்கு அம்மா கொடுத்த வெண்கடுகைச் சேற்றுத் தண்ணீரில் புரட்டி நிரப்பினோம். படம் பிடித்து முடித்த நாளில் கடிதம் தந்தார். ஒட்டாத உறை. லயத்துக்கு வந்து தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். நேரத்துக்கு வருகிறவர், கணக்காக எழுதுகிறவர் என்றெல்லாம் வழக்கமான வரிகள். அதன் பிறகு ஒன்று: 'இவர் ஒருமுறை பீட்ரூட் விஷயத்தில் ஊகித்துத் தவறினார். பிறகு பார்க்காமல் எதையும் சொன்னதில்லை. பார்த்தது தவறென்று தெரிந்தபோது, கேட்காமலே வந்து சொன்னார்.'

"பீட்ரூட்டையும் எழுதிட்டாரா, பாவி மனுசன்!" என்று அம்மா தலையில் கைவைத்தார். அப்பா வேறொன்று கேட்டார். "அந்த வண்டியில பேரு இப்ப இருக்கா?"

"இருக்குப்பா. மங்கலா இருக்கு."

"ம்," என்றார்.

தோட்டம் கைமாறிய பிறகு வந்த புது மேலதிகாரி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது என்ன பீட்ரூட்?" என்று பெரிய கிளாக்கரைக் கேட்டார். பெரிய கிளாக்கர் சொல்லத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல், கதையை முழுக்கச் சொல்லி முடித்தபோது என் வேலை நிரந்தரமாகியிருந்தது. பெயரும் நிரந்தரமாகிவிட்டது. கங்காணிமார் வரைக்கும் 'பீட்ரூட் கிளாக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அந்தப் பேருக்கே 'என்ன?' என்று திரும்பினேன்.

தெமோதரையில் வேகன்கள் வந்து நிற்கும்போது மூலையில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு லொறிக்கு ஓடிவிடலாம். டிரைவர் ஹோர்ன் அடிப்பார். நான் மறுபக்கமும் ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன்.