மணிக்கு முப்பத்தொன்பது ரூபாய்

பணம் வைத்து ஆடும் செயலிகள் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு நான் கைப்பேசியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு எனக்கு முப்பத்தொன்பது ரூபாய் செலவானது. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். அந்தத் தொகையைத் தோராயமாகச் சொல்லவில்லை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போட்ட பணம், மிஞ்சிய பணம் எல்லாம் நோட்டில் இருந்தன. முதல் மாதம் மணிக்கு இருநூறைத் தாண்டியது. சிறிய தொகை மேசைகளுக்கு மாறி, மெதுவாக ஆடி, நாளுக்கு ஏழு மணி நேரம் வரை நீட்டியதில் முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. அதை முன்னேற்றம் என்று எண்ணினேன். வகுக்கும் எண்ணைப் பெருக்கி ஈவைக் குறைக்கும் இந்தத் தந்திரத்தை ஒரு மாணவனின் விடைத்தாளில் கண்டிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் சீட்டை எடுத்துக் கழிக்க முப்பது விநாடி தருவார்கள். அந்த முப்பது விநாடியில் வேறெதையும் நினைக்க முடியாது. நான் விலை கொடுத்து வாங்கியது அதைத்தான். அஸ்தம்பட்டி வீட்டில் மனைவி இறந்தபின் எந்த அறையிலும் என்னால் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. எழுவேன், மின்விசிறியை நிறுத்துவேன், மறுபடி போடுவேன், தண்ணீர் குடிப்பேன். கைப்பேசியை எடுத்தால்தான் கால்கள் அடங்கின.

நினைக்கக் கூடாதது ஒன்று இருந்தது. மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது அவளுடைய தம்பிக்கு நான் போன் செய்யவில்லை. செய்தேன், கிடைக்கவில்லை என்று துக்க வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். மைத்துனர் திருச்செங்கோட்டுக்காரர், பொக்லைன் வைத்து வாடகைக்கு விடுபவர். அப்போது கர்நாடகத்தில் ஒரு கால்வாய் வேலையில் இருந்தார். “எனக்கு மிஸ்டு காலே வரலீங்களே மாமா” என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு, அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அவருடைய அம்மாவுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மகள் சாகும்போது போனை எடுக்காத மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் மெஸ்ஸில் இரண்டு சாப்பாடு கட்டிக்கொண்டு மைத்துனர் என் வீட்டுக்கு வருவார். உண்டபின் எதிரே அமர்ந்து அக்காவைப் பற்றிப் பேசுவார். “அம்மா இன்னும் பேசறதில்லீங்க மாமா” என்று எப்படியும் ஒருமுறை சொல்வார். நான் சீட்டைப் பார்த்தபடி “உம்” என்பேன். அந்த மணி நேரத்தையும் நோட்டில் எழுதினேன்.

அவள் இறந்த பதினோராவது மாதத்தில் ஒரு ஞாயிறன்று அவர் என் கைப்பேசிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் மாமா, இதுல எவ்வளவு போயிருக்கும்?”

“பெருசா ஒண்ணுமில்ல. மணிக்கு முப்பத்தொம்போது ரூபாதான் ஆகுது.”

“முப்பத்தொம்போதா! எம்பட வண்டி டீசல மோந்து பாக்கக்கூட அது பத்தாதுங்களே. செரி, ஒரு நாளைக்கு எத்தன மணி ஓட்டுவீங்க?”

“ஆறு. சில நாள் ஏழு.”

“எங்க டிரைவரு அஞ்சு மணி ஓட்டுனாலே இடுப்பு போச்சுன்னு படுத்துக்கறான். உங்களுக்குப் பேட்டா யாருங்க தர்றது?”

நானும் சிரித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது அடங்குவதற்குள் அவர் குரல் மாறியது.

“காசு கெடக்குதுங்க மாமா. அக்கா இருந்தப்ப டிவிகூட அரை மணிக்கு மேல பாக்க மாட்டீங்க. இப்ப ஏழு மணி நேரம் இதுல என்னத்த மறைச்சு வெச்சிருக்கீங்க?”

அவர் எதையும் சந்தேகித்துக் கேட்கவில்லை. திரையில் என் முறை வந்து விநாடிகள் ஓடின. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“உனக்கு நான் போனே பண்ணலப்பா” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். செவ்வாயன்று சேர்த்தோம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார் மருத்துவர். அந்த நம்பிக்கையில், வேலையை விட்டு அவரை வரவழைக்க வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்தேன். வியாழன் காலையில் அவளுக்கு மூச்சு திணறியது. தம்பி வருகிறானா என்று கேட்டாள். ஓசூர் வந்துவிட்டான் என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். கிருஷ்ணகிரி என்றேன். அதன்பின் தருமபுரி. தூரத்துக்கும் நேரத்துக்கும் பிழையில்லாமல் அவரை நகர்த்திக்கொண்டு வந்தேன். அப்போதும் போன் செய்திருக்கலாம். செய்தால் அவள் போகப்போகிறாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்:

“கடைசியா நான் எங்க வந்திருந்தனுங்க?”

“தொப்பூர்.”

“அக்கா நம்புச்சுங்களா?”

“வந்ததும் உனக்குச் சோறு போடச் சொன்னா.”

அவர் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். குழாய் திறந்தே இருந்தது. தண்ணீரில் கை படும் ஓசை கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது.

“சட்டையப் போடுங்க மாமா. எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க.”

“இன்னிக்கேவா?”

“பதினோரு மாசமா எங்கையில ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க அது. இன்னிக்கேதானுங்க.”

அவருடைய காரில் சங்ககிரி வரை வந்துவிட்டோம். என் விரல்கள் முழங்காலில் ஓயாமல் எதையோ எடுத்து எதையோ கழித்துக்கொண்டிருந்தன. ரயில்வே பாலம் தாண்டியதும் அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார்:

“தொப்பூர் வரைக்கும் கூட்டியாந்தீங்களே. ஒரு போன் போட்டிருந்தா நெசமாலுமே வந்திருப்பனுங்களே மாமா.”

அவர் வீட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மனத்துக்குள் அமைத்துப் பார்த்தேன். காரணத்தை முன்னால் வைத்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘உங்கள் மகன் மேல் தப்பில்லை’ என்பது மட்டும் நின்றது. அதைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மைத்துனர் காரின் வேகத்தைக் குறைத்து, “இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார்.