சூத்திரத்தில் போட்ட கணக்கு

எனக்கு வர்க்கப் பூர்த்தி முறை என்றாலே எரிச்சல். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க மூன்று வழி உண்டு. காரணிப்படுத்தினால் சட்டென்று விடை வந்துவிடும். அது படியாவிட்டால் சூத்திரம், எண்களைப் போட்டால் போதும். வர்க்கப் பூர்த்தியோ பாதியாக்கு, வர்க்கமாக்கு, இரண்டு பக்கமும் கூட்டு என்று உயிரை வாங்கும்.

திருவானைக்காவலில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில், பத்தாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கு என்றாலே பயம். ஃபெயிலானால் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நான் பெரிய மேதாவி மாதிரி அவளிடம் சொன்னேன்: "வர்க்கப் பூர்த்தியெல்லாம் விட்டுத் தள்ளும்மா. எது வந்தாலும் சூத்திரத்துல போடு. விடை சரியா இருந்தா மார்க்." பாவி, அதை அப்படியே நம்பினாள்.

பொதுத்தேர்வில் வந்தது: x² − 6x − 16 = 0, வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க. ஐந்து மதிப்பெண். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "சூத்திரத்துல போட்டேன் மிஸ். எட்டு, மைனஸ் ரெண்டு. கரெக்டுங்களா?" விடை கரெக்ட்தான். கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் விடைத்தாள் திருத்தப் பாலக்கரையில் ஒரு பள்ளிக்குப் போனேன். எங்கள் பிள்ளைகளின் தாள்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது முகம் தெரியாத பிள்ளைகளுடையது. காலையில் கொடுத்த தாள்கட்டில் ஒரு பிள்ளை அதே கணக்கைச் சூத்திரத்தில் அழகாகப் போட்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் திருத்துநரிடம் போனேன்.

"சார், விடை சரியா இருக்குங்க."

"முறை மாறினா மார்க் இல்லைன்னு விடைக்குறிப்புல போட்டிருக்கே, டீச்சர். நீங்க அஞ்சு குடுத்தா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். போங்க, உட்காருங்க."

உட்கார்ந்தேன். என் கையாலேயே பூஜ்யம் போட்டேன். எங்கேயோ ஒரு ஊரில் இன்னொரு டீச்சர் அந்தப் பெண்ணின் தாளில் இதையேதான் செய்துகொண்டிருப்பார். அவரைத் திட்டக்கூட எனக்கு வாயில்லை.

சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் அவளுடைய செய்தி. 'எல்லாம் கூட்டிப் பார்த்தேன் மிஸ். அந்த அஞ்சு வந்தா முப்பத்தாறு, பாஸ். வந்துடும்ல?'

'வந்துடும்மா' என்று அனுப்பினேன். கையைக் கழுவிவிட்டு மத்தியானக் கட்டைப் பிரித்தேன். முதல் தாளிலேயே சூத்திரம். பூஜ்யம் போட்டேன்.