குரல்களுக்கு மெட்டுப் போட்டவர்

பஸ்ரியனுக்கு, புலம்பெயர்ந்து வந்த மார்க்கம் நகரத்தில், ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. பதினெட்டு வருசமாக அதே ஷிப்ற். கலியாணம் செய்யவில்லை. மல்வேர்னில் ஒரு மாடிக்குடியிருப்பின் ஒன்பதாம் தட்டில் ஒற்றை அறை, அதற்குள் ஒரு கீபோட். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு அவர்தான் வாசிப்பார். "முந்தி எங்க வாசிச்சனீங்கள் அண்ணை?" என்று யாரும் கேட்டால், "அங்க இங்க" என்று சொல்லிவிட்டுக் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

போன வருசம் தேவாலயப் பங்கின் இளையோருக்குப் பொறுப்பான கிளிபோட் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ரியன் அண்ணை, புனித ஜோன் ஒஃப் ஆர்க்கை இசை நாடகமாப் போடப்போறம். மியூசிக் நீங்கள்தான். மாட்டன் எண்டு சொல்லப்படாது."

அறுநூறு வருசத்துக்கு முந்தின பிரெஞ்சுக் குடியானவன் வீட்டுப் பெட்டை. பதின்மூன்று வயதில் வானத்துப் புனிதர்களின் குரல் கேட்கிறது. பதினேழில் படைக்கு முன்னால் போகிறாள். பத்தொன்பதில் பிடித்து உயிரோடு எரிக்கிறார்கள். பிறகு ஒருநாள் அவளையே புனிதையாக்குகிறார்கள். பஸ்ரியன் ஓம் என்றார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

வேலை முடிந்து வந்து, அவளைப் பற்றி ஐரோப்பாவில் எழுதின ஒப்பராக்களை யூரியூப்பில் தேடிப் பார்த்தார். ஒன்றில் அவள் நெருப்பில் சாகவேயில்லை, போர்க்களத்தில் சாகிறாள். எழுதினவருக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கிறது என்று நினைத்தார். அவரை நித்திரை கொள்ள விடாமல் செய்தது அந்தக் குரல்கள்தான். மேடைக்குப் பின்னால் ஆளைக் காட்டாமல் கோரஸ் பாடும், முன்னால் ஒரு பிள்ளை நிமிர்ந்து நிற்கும்.

தங்கள் நாடகத்தில் அந்தக் குரல்கள் பாடுவதற்கான மெட்டு அவருக்குப் பஸ்ஸில் வரும்போது வந்தது. "எழுந்து வா மகளே, வயலை விட்டு வா." இரண்டாவது வரிக்கு வரும்போதே அது எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூற்றேழில், இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிற தெரு நாடகக் குழுவோடு வன்னியில் ஊர் ஊராகப் போய், உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் நின்று ஆர்மோனியம் வாசித்த மெட்டு. தான் துவக்குத் தூக்கவில்லை, பாட்டுக்குத்தான் வாசித்தேன் என்று இத்தனை வருசமும் தனக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் நல்ல மெட்டு. விட மனம் வரவில்லை.

ஜோனாக நடித்தவள் ஜெசிகா, பதினேழு வயது. கோயில் மண்டபத்தில் முதல் ஒத்திகையிலேயே அந்தப் பாட்டு எல்லாரையும் பிடித்துக்கொண்டது. "அங்கிள், எனக்குக் கூஸ் பம்ப்ஸ்" என்று கையை நீட்டிக் காட்டினாள். மற்றப் பிள்ளைகள் ஃபோனில் பதிந்துகொண்டார்கள்.

மூன்றாம் கிழமை உடுப்பு அளவெடுக்க வேரோனிக்கா வந்தார். மில்லிக்கன் பிளாசா ஒன்றில் தையல் கடையில் வேலை செய்கிற, எழுபதுக்குக் கிட்டின மனுசி. ஜெசிகாவை ஸ்ரூலில் ஏற்றிவிட்டு விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவர், பாட்டுத் தொடங்கியதும் கையை நிறுத்தினார். முடியும்வரை அசையவில்லை. பிறகு மிச்ச ஊசியையும் குத்தி முடித்துவிட்டு, பிள்ளைகள் பிட்சா சாப்பிடப் போன நேரம் கீபோட்டடிக்கு வந்தார்.

"தம்பி, நீர் தொண்ணூற்றேழில வன்னியில எங்கட ஊர் முழங்காவிலுக்கு வந்தனீர்."

பஸ்ரியன் கீபோட்டை நிறுத்தினார்.

"சொல்லுத்தான் மாறியிருக்கு. மெட்டு உதுதான். என்ர மூத்தவள் மெற்றில்டா அண்டைக்குப் பின்னேரமே உங்களோட ஏறிப் போனவள். எட்டு மாசம்தான் உயிரோட இருந்தவள். சவப்பெட்டிகூட வரேல்லை."

"அக்கா..."

"ஒண்டு மட்டும் கேக்கிறன். அவளை ஞாபகமிருக்கே? பச்சைச் சட்டை. மெசின் பெட்டிக்குக் கிட்ட, முன்னுக்கு நிண்டவள். உம்மையே பாத்துக்கொண்டு நிண்டவள்."

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த மனுசிக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும். பஸ்ரியன் நினைத்துப் பார்த்தார். தூசி, ஸ்பீக்கர் இரைச்சல், நிறைய முகம். அத்தனை ஊரிலும் ஒரே மாதிரி நிமிர்ந்து பார்த்த முகங்கள். அதில் ஒன்றுகூடத் தனியாக வரவில்லை.

"இல்லை அக்கா. ஒருத்தரையும் ஞாபகமில்லை."

வேரோனிக்கா தலையை ஆட்டினார். ஊசிப் பெட்டியை மூடினார். "உடுப்பு வியாழக்கிழமை தருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே பஸ்ரியன் புது மெட்டொன்று போட்டுக்கொண்டு கிளிபோட்டிடம் போனார். கிளிபோட் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அண்ணை, இது செத்தவீட்டுப் பாட்டு மாதிரிக் கிடக்கு. பெடியளுக்கு மற்றது பாடமாப் போச்சு."

"அதைப் படிக்க வேண்டாம். படிக்கிறதெண்டால் நான் வாசிக்கமாட்டன்."

"ஏன் அண்ணை?"

காரணத்தைக் கிளிபோட்டுக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஜெசிகாவைக் கூப்பிட்டு அவளுக்குத்தான் சொன்னார், ஒன்றும் மறைக்காமல்.

"அவையள் உடனே ஏறிப் போனவையளா? பாட்டைக் கேட்டிட்டா?"

"பாட்டு மட்டுமில்லைப் பிள்ளை. ஷெல்லடி, பசி, கோவம், எல்லாம் இருந்தது. ஆனால் பாட்டும்தான்."

ஜெசிகாவின் கண் பளபளத்தது. அது அழுகையில்லை என்று பஸ்ரியன் கண்டார்.

"சொறி அங்கிள். எனக்கு அதைத்தான் பாடவேணும். இப்ப இன்னும் கூட."

நாடகத்தன்று அவர் வாசிக்கவில்லை. பிள்ளைகளின் ஃபோனிலிருந்த ஒத்திகைப் பதிவைச் சுத்தமாக்கி ஸ்பீக்கரில் போட்டார்கள். வாசிக்கமாட்டேன் என்றவருடைய விரல்தான் மண்டபமெங்கும் கேட்டது. பஸ்ரியன் வாசல் கதவோடு நின்றார். வேரோனிக்கா மேடை ஓரத்தில் ஊசிநூலோடு நின்றார்; தோள்பட்டைத் தையல் பிரிந்தால் பிடித்துப்போட ஆள் வேண்டுமாம். குரல்கள் தொடங்கின. ஜெசிகா நிமிர்ந்தாள். முன்வரிசையில் எட்டு, ஒன்பது வயதுப் பெட்டையொருத்தி கதிரையை விட்டு எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் இழுத்தும் இருக்கவில்லை.

நெருப்புக் காட்சிவரை பஸ்ரியன் நிற்கவில்லை. குளிர்க்கோட்டை மறந்து வெளியே போய், பனிக்குள்ளால் நடந்து பஸ் எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் பூசைக்கு வாசிக்கப் போகவில்லை. கீபோட்டைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். வேரோனிக்காவை ஒருமுறை பஸ்ஸில் கண்டார். மனுசி அவரைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். பஸ்ரியன் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

நாடகத்தை வேறு இரண்டு பங்குகள் கேட்டிருப்பதாகக் கிளிபோட் ஃபோனில் சொன்னார். பாட்டை யூரியூப்பில் ஏற்றியாயிற்றாம்.

"என்ர பேரைப் போடவேண்டாம்" என்றார் பஸ்ரியன்.

"உங்கட பேரைத்தான் முதல் போட்டிருக்கிறம் அண்ணை" என்றார் கிளிபோட், சந்தோசமாக.