ஓர் அட்டைக்கு ஒரு பொதி

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு நோட்டு, கைரேகை வாங்க மை டப்பா, மேலிடத்திலிருந்து வந்த உத்தரவின் நகல். அப்போது நான் உத்திரமேரூர் பக்கத்தில் வருவாய் ஆய்வாளர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகப் பாய்ந்த தண்ணீர் காலனிக்குள் புகுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலனி சனம் முழுதும் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தது.

அன்று காலைதான் வெயில் அடித்தது. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் சின்ன லாரியில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு பொதியிலும் அரிசி, பருப்பு, ஒரு போர்வை, ஒரு தார்ப்பாய். தொண்டு அமைப்புகள் தங்கள் இஷ்டத்துக்கு எதையும் வழங்கக்கூடாது, வருவாய்த் துறை முன்னிலையில் குடும்ப அட்டையைச் சரிபார்த்து ஓர் அட்டைக்கு ஒரு பொதி என்று கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய வெள்ளத்தின்போது மெயின் ரோட்டு ஓரத்தில் இருந்தவர்களே மூன்று முறை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

வரிசையில் பாதிப் பேரிடம் அட்டை இருந்தது. இல்லாதவர்களைத் தனியே நிற்கச் சொன்னேன். "கார்டு ஏரித் தண்ணில போயிட்ச்சி சார். மீனாண்ட கேட்டா குடுக்கும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்த அம்மா வந்தார். எங்கள் நிலத்தில் இருபது வருடத்துக்கு மேல் நடவுக்கு ஆள் திரட்டி வந்தவர். அவர் முன்னால் நின்றால் பின்னால் பன்னிரண்டு பெண்கள் ஒரே சீராக நட்டுக்கொண்டு போவார்கள். என் கல்யாணப் பந்தலுக்கு மாவிலை கட்டியவர் அவர் புருஷன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அட்டை எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல பரண்மேல கீது ஐயா. அங்க இன்னும் முழங்கால் தண்ணி நிக்குது."

"எடுத்துக்கிட்டு வா. லாரி நாலு மணி வரைக்கும் இருக்கும்."

அறக்கட்டளைப் பெரியவர் என் காதருகே குனிந்தார். "சார், இந்த ஊர்க்காரங்கதானே இவங்க? பார்த்தாலே தெரியுதே, கொடுத்துடலாமே." உத்தரவின் நகலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு லாரிப் பக்கம் போனார்.

"நீ வரிசைய வுடாத, நான் போய் எட்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவின் புருஷன் போனார்.

மண்சுவர் மழையில் விழாது. ஊறி நின்ற சுவர்மேல் வெயில் ஏறும்போதுதான் விழும். எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான்.

இரண்டு மணி சுமாருக்குச் செய்தி வந்தது. அவரை நான்கு பேர் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. அட்டை சட்டைப் பையில் இருந்தது. ஈரமாகியிருந்தாலும் பெயர்களைப் படிக்க முடிந்தது. அந்த அம்மாவுக்குரிய பொதியைக் கொடுத்துவிடச் சொன்னேன். கைரேகை வாங்கவில்லை. யாரோ அதைக் கொண்டுபோய் அந்த அம்மா பக்கத்தில் வைத்தார்கள். சாயங்காலம் வரை அது வைத்த இடத்திலேயே இருந்தது.

'கனமழையால் வீட்டுச் சுவர் இடிந்து இறப்பு' என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அந்த நேரத்தில் அவர் ஏன் வீட்டுக்குள் போனார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆள் யாரென்று தெரியாத இடத்தில்தான் அட்டை வேண்டும். எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். அப்படியும் கேட்டதற்குக் காரணம் உத்தரவுகூட இல்லை. தன் நிலத்து ஆளுக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று வரிசையில் யாராவது பேசிவிடுவார்களோ என்று பயந்தேன். நேர்மையான ஆபீசர் என்ற பேர் எனக்கு இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. அடுத்த போகத்துக்கு அந்த அம்மா எங்கள் நிலத்துக்கே நடவுக்கு வந்தார். நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

போன மாதம் எனக்கு எழுபது முடிந்தது. அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அது கான்கிரீட் வீடு. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு உங்களை எனக்குத் தெரியும். கார்டு கேட்டிருக்கவே வேண்டாம். தெரிஞ்சேதான் கேட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"இத்த சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? எனக்கு அன்னிக்கே தெரியும். நீ என் பேரச் சொல்லிக் கூப்ட்டுத்தானே கார்டு கேட்ட."

அந்த நாளை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெஞ்சு, மை டப்பா, லாரி, வெயில், எல்லாம் அதில் உண்டு. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் ஒருமுறைகூட அதில் இருந்ததில்லை.