சிரிப்பில் அமுங்கிய வரி

மேடையில் இருந்த ஒலிபெருக்கிக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கட்சிக் கூட்டங்களில் முதலில் இரைவது அது, அடுத்தது நான். பேச்சாளர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அதுவரை சனம் கலையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மிராசுதாரின் தொப்பையை வைத்து நான் கட்டிய நையாண்டிப் பாட்டுகளுக்கு ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். பேச்சாளருக்கு மாலை, எனக்கு சோடா. அந்த சோடாவிலேயே கவிஞனாகிவிட்டதாக நினைப்பு.

கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையுமாக இருந்த காலம். ஆட்சி நம்முடையது என்று மேடையில் முழங்குவோம். அப்பா உழுத குத்தகை நிலம் மட்டும் வழக்கில் மிராசுதாரிடமே போய்விட்டது. அதன் பிறகும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளில் அப்பா விடியும் முன்பே மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். மடைவரை போன பிறகுதான் நிலம் தம்முடையதில்லை என்பது உறைக்கும். காலை மட்டும் கழுவிக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. வீட்டிலும் யாரும் கேட்கமாட்டோம். நான் அதைக் கவிதையாக எழுதினேன். மிராசுதாரைத் திட்டும்போது வராத பயம், இதைப் படிக்க நினைத்தாலே வந்தது.

ஒரு சாயங்காலம் கையிலிருந்த நையாண்டியெல்லாம் தீர்ந்தும் பேச்சாளர் வரவில்லை. அப்பா டீக்கடை ஓரம் நின்றிருந்தார். அவரிடம் நேரில் சொல்லத் துணிவில்லாதவனுக்கு மைக்கில் சொல்லத் துணிவு வந்தது. என் வீரம் அப்படி.

"வயலில்லாத மனுஷன் மடை தெறக்கப் போனான்" என்று தொடங்கியதுமே கூட்டம் சிரித்தது. நானே பழக்கிவைத்த கூட்டம். "அடி மாப்ள, அடி!" என்று விசில் பறந்தது. குரல் நடுங்கியது, அதையும் நடிப்பென்று கைதட்டினார்கள். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் அவரிடம் போனேன்.

"கோவமாப்பா?"

"என்ன கோவம்? நான் சிரிக்கலேன்னா அந்த ஆளு நாந்தான்னு தெரிஞ்சு போயிருக்கும்ல?" பிறகு, "கடைசியா என்னமோ சொன்னியே. அந்தப் பயலுவ சத்தத்துல காதுல விழல. சொல்லு" என்றார்.

"வயல் கைமாறுன சேதி தண்ணிக்குத் தெரியல, அது அவன் காலைத்தான் தேடி வருது."

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். எனக்குக் கேலி எதுவும் தோன்றாத ஒரே காலை அதுதான்.

அப்பா போய் வெகுகாலமாகிறது. இப்போது தஞ்சாவூரில் அரங்கங்களில் அந்தக் கவிதையைப் படிக்கிறேன். வழுக்கை விழுந்துவிட்டதால் வாயைத் திறக்கும் முன்பே மரியாதையாக அமைதியாகிவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் சால்வை வேறு போர்த்துகிறார்கள். கடைசி வரி மூலை நாற்காலிவரை தெளிவாகக் கேட்கிறது. கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை விட்டு உடனே நகர்வதில்லை. இன்னொருவாட்டி சொல்லச் சொல்லி யாராவது கேட்பார்களா என்று கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன்.