கேன்டீன் ஜன்னல் வெயில்

ஒரகடம் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை. தூசு ஆகாது என்று தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. ஹாலுக்கு ஜன்னலே கிடையாது. சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி பஸ் ஏறும்போது சூரியன் வந்திருக்காது, இறங்கும்போது போயிருக்கும். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும், மாசமாக இருப்பவள் வெயிலில் நின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று மாமியார் வாசல் தாண்ட விடமாட்டார். அவரும் கறுப்பு, நானும் கறுப்பு, அவர் பெற்ற பிள்ளையான என் வீட்டுக்காரரோ எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிடும் கறுப்பு. யாரிடம் சொல்லி அழுவது?

இடுப்பு வலிக்கிறது என்றதும் செக்கப்பில் நர்ஸ் சொன்னார்: "தெனம் கொஞ்சம் வெயில் படட்டும்மா. புள்ளைக்கு எலும்பு வளர வேணாமா?"

சாப்பாட்டு நேரத்தில் உடுப்பைக் கழற்றி, சாப்பிட்டு, மறுபடி மாட்டவே மூச்சு வாங்கும். இதில் வெளியே எங்கே போவது? லைனில் என் பக்கத்தில் நிற்கும் வல்லம் வடகால் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். கேன்டீனில் பெரிய கண்ணாடி ஜன்னல் ஓரமாக மத்தியானம் வெயில் கொட்டும். அங்கே ஒரு நாற்காலியை எனக்கென்று பிடித்துவைத்தாள். யார் உட்கார்ந்திருந்தாலும் விடமாட்டாள். "எழுந்துரு, இது புள்ளைத்தாச்சி சீட்டு!" ஒருமுறை சூப்பர்வைசரே தட்டோடு எழுந்து போனார். நான் ராணி மாதிரி உட்கார்ந்து, சுள்ளென்று சுடும் வயிற்றைத் தடவி, "நல்லா குடிடா" என்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பையன் பிறந்தான். வீட்டுக்கு வந்த சில நாளில், பால் குடித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று விட்டுவிட்டான். கண் ஒரே பக்கம் நிலைகுத்தி நின்றது. ஒரு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"உரம் வுழுந்துகீது, எடுத்துட்டா சரியாப் பூடும்" என்று, சேலையில் போட்டு உருட்டிச் சுளுக்கு எடுக்க மாமியார் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஷிப்டில் இருந்தார். போனை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினேன். மாமியாரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். வழியில் இன்னொரு முறை இழுத்தது. உதடு நீலமானது. செத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் என் சுண்டுவிரல் அளவே இருந்த அவன் கையில் ஊசி குத்தி, கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இழுப்பு நின்றது. ஆனாலும் எனக்கு அவன் மார்பிலிருந்து கண்ணை எடுக்கப் பயம். இரண்டு பேருடைய ரத்தமும் சோதித்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"உங்களுக்கே வைட்டமின் டி சுத்தமா இல்லம்மா. அப்புறம் குழந்தைக்கு எங்கேர்ந்து வரும்? அதான் கால்சியம் இறங்கி ஃபிட்ஸ் வந்திருக்கு. வெயில்லயே போறதில்லையா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெனம் வெயில்லதான் குந்திகினு சாப்ட்டேன் மேடம். கேன்டீன்ல, ஜன்னலாண்ட."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"ஏசி மேடம். கண்ணாடி."

"கண்ணாடி வழியா சூடுதாம்மா வரும். வைட்டமினுக்கு வேண்டிய கதிர் வெளியவே நின்னுடும்."

பையன் பிழைத்தான். எங்கள் இருவருக்கும் மருந்து கொடுத்தார்கள். பார்க்க வந்த வல்லம் வடகால்காரி அவனைத் தூக்கி, "நான் வெயில் ஊட்டி வளத்த புள்ள!" என்று கொஞ்சினாள். அந்த முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று கேன்டீனில் அதே நாற்காலி. அதில் அவள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. "இப்ப என் டர்ன்க்கா" என்று சிரித்தாள்.

"எழுந்துரு."

"இன்னாக்கா, இது புள்ளைத்தாச்சி..."

"எழுந்துருடி!"

கையைப் பிடித்துப் பின்கதவு வழியாக இழுத்துப் போனேன். எச்சில் சோறு கொட்டும் டிரம்கள் வைக்கும் இடம். ஒரே புளித்த நாற்றம். வெயில் நேராக மண்டையில் அடித்தது.

"அங்கயும் இதே வெயில்தானேக்கா?"

கண்ணாடியைப் பற்றி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நாளைக்கே ரத்தத்தைச் சோதித்துப் பார் என்றும் சொன்னேன். அவள் திரும்பிக் கண்ணாடிக்குள் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அப்ப உன் புள்ளைக்கு... நான்தானேக்கா உன்னை அங்க..."

நான் அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டேன்.